இருபத்தாறும் முப்பதும்

மன்னார்குடி இருதயராஜ் கடையில்
இரும்புக்கு ஒரு விலை, பித்தளைக்கு ஒரு விலை.
இவை இரண்டுக்கும் விலையே இல்லை.
"கண்ணாடி நாரும் மரமும் ஒட்டிக் கெடக்கு,
எரிச்சா நாறும், எடைக்கும் போவாது.
எடுத்துக்கிட்டுப் போ."

மூடிப்போன ஏதோ விளையாட்டு மன்றத்தின் மிச்சம்.
உடைந்த இரண்டு வில்:
ஒன்றில் மேற்கை பிழைத்திருந்தது, மற்றதில் கீழ்க்கை.
அடியில் மங்கிய எண்கள்.
இருபத்தாறு ராத்தல். முப்பது ராத்தல்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்,
கொரடாச்சேரியில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்.
அறுவடை முடிந்த பங்குனியில் ஈ ஓட்டுவேன்.
அப்படித்தான் இது தொடங்கியது.

நடுக்கட்டைக்கு,
வாய்க்காலில் இரும்பு ஷட்டர் போட்டபோது
கரையில் தூக்கியெறிந்த மதகுப் பலகை.
இலுப்பை என்று நினைக்கிறேன், சத்தியம் செய்யமாட்டேன்.
எத்தனை வருஷமோ
ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வெயில்.
வாள் இறங்கியதும் சேற்று வாசம்.
விரற்கடை ஆழம் வரை கறுப்பு,
அதற்குள்ளே
யாரும் நனைக்காத சிவப்பு.

முதல் கட்டை துளை போடும்போது பிளந்தது.
இரண்டாவது உள்ளங்கைக்கு வெண்ணெயாக அமைந்து
போல்ட் துளை அரை நூல் விலகிப்போனது.
அதை இன்னும் எறியவில்லை.
மூன்றாவதில் எட்டு எம்.எம். போல்ட் இரண்டு,
காது வைத்த நட்டு.
கழற்றினால் மூன்று துண்டு, சாக்குப் பைக்குள் அடங்கும்.
காயிலுக்குப் பூசும் வார்னிஷையே பூசினேன்.
இன்றைக்கும் மோட்டார் வாசம் அடிக்கிறது.

நாண்தான் கழுத்தறுத்தது.
நாகப்பட்டினத்து வலை நைலான்
இழுக்க இழுக்க வந்தது, கடன்காரன் தவணை மாதிரி.
மேசை விசிறியைப் பழுதுக்குக் கொண்டுவந்த தையல்நாயகி
நின்று பார்த்தாள்.
கொள்முதல் நிலையத்தில் நெல்மூட்டை தைக்கிறவள்;
பேர் வைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.
மறுநாள் மேசையில் ஒரு கண்டு மூட்டைநூல் போட்டாள்.
"இது நீளாது."
காயில் சுற்றும் மெஷினிலேயே சுற்றினேன்.
முள் பதினாறில் நின்றது. பதினாறு இழை.

நாணேற்றினால்
இருபத்தாறு கும்பிடுகிறது,
முப்பது மாரை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது.
மோட்டார்க் குழியில் செருகும் காப்புத்தாளை நறுக்கி
முப்பதின் அடியில் வைத்தேன். ஒன்று. இரண்டு.
சுவராணியில் மாட்டி, கொக்கித் தராசால் இழுத்து,
சுவரில் கரிக்கோடு போட்டு, மூன்று.
பாதி ராத்திரியில் இரண்டு நுனியும்
ஒரே கோட்டைத் தொட்டன.
தொட்டதாக நான் முடிவு செய்தேன்.

கீழ்க்கைதான் கொஞ்சம் முறைப்பாக இருக்கவேண்டும்
என்பது விதி.
மறந்துவிடாமல் இருக்க
இருபத்தாறின் நுனியில் மார்க்கரால் "மேல்" என்று எழுதினேன்.

வெண்ணாற்றங்கரையில் தாள் மட்டும் நிற்கும் வயல்.
மெஷின் உருட்டிப்போட்ட வைக்கோல் கட்டு,
முப்பது தப்படி.
பத்து அம்பு விட்டேன்.
இரண்டு கட்டில், ஒன்று வரப்பில்,
மீதி ஆற்று மணலில் போய்ப் பொறுக்கினேன்.
ஒரு கொக்கு எழுந்து அடுத்த வயலில் உட்கார்ந்தது.

விசிறி கேட்டு அங்கேயே வந்துவிட்டாள்.
"இப்புடிக் குடு."
இடதுகைக்காரி.
அம்புக்குத் திண்டு எதுவும் வெட்டவில்லை நான்,
எந்தக் கையும் பிடிக்கலாம்.
ஆனால் வில் தலைகீழ்.
"மேல்" அவள் கொலுசுக்குப் பக்கத்தில்
குப்புறக் கிடந்தது.
சொல்ல வாயெடுத்தேன்.
மூட்டையைக் கால்முட்டியால் அணைத்து
நூலை இழுக்கிற அதே இழுப்பு.

தொப்.

இன்னொன்று. தொப்.
ஆறில் ஐந்து.
கொக்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"விசிறி எப்பக் கெடைக்கும்?" என்றாள்
அடுத்த அம்பைக் கோத்தபடி.

நாளைக்கு என்றேன்.

அன்றிரவு நட்டுகளைக் கழற்றினேன்.
மூன்று ராத்திரி நறுக்கிய காப்புத்தாளை
எடுத்துப் பார்த்து
அங்கேயே திரும்ப வைத்தேன்.
மார்க்கரைத் தேடி எடுத்து
முப்பதின் நுனியிலும்
"மேல்" என்று எழுதினேன்.